நடுக்குவாதமும் நடைப்பயிற்சியும்

(ஜூபிலி ஆண்டு முதியோர் தினத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வீடு மந்திரிக்கப் போகும்போது, நடுக்குவாதம் கண்ட பெரியவர்கள் நாற்காலியிலேயே உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். "நடந்தால் அப்பா விழுந்துவிடுவார் சாமி" என்கிறார்கள் பிள்ளைகள். பாசத்தினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாசமே அவரை மேலும் முடக்கிவிடுகிறது.

1817-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்து எழுதினார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. 2005-இல் மறைந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரையும் இது பல ஆண்டுகள் வாட்டியது. மூளையில் டோபமின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால், நினையாமலே நடந்து பழகிய நடை கெடுகிறது. எட்டு குறுகும், கைவீச்சு நிற்கும், உடல் விறைக்கும். சும்மா உட்கார்ந்திருந்தால் காலில் உள்ள பலமும் போகும்.

மாத்திரை அவசியம், அதை நிறுத்தச் சொல்ல நான் வைத்தியன் அல்ல. அதோடு பயிற்சியும் வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி 2012-இல் வெளியானது. தைச்சி என்ற சீனத்து மெல்லசைவுப் பயிற்சியை வாரம் இருமுறை, ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் செய்தவர்கள், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். நடந்தால் விழுவார் என்கிறோமே!

நமக்குத் தைச்சி தெரியாது, நடக்கத் தெரியும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், ஒருவர் அருகில் நிற்க, எட்டி எட்டிக் கால் வைத்து, கைவீசி நடக்கட்டும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்பட்டும். நடக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காப்பித் தம்ளரும் வேண்டாம்.

வாசற்படியிலும் ஒடுக்கமான இடத்திலும் கால் தரையோடு ஒட்டினாற்போல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடல்தான் முன்னே வரும், கால் வராது. "இடது, வலது" என்று தாளமாக எண்ணுங்கள். அவ்விடத்தில் ஓர் எட்டு தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் போட்டு, கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள். பலருக்கு நின்ற கால் எழும்பும். நினைத்துச் செய்யும் அசைவுக்கு மூளையில் வேறு வழி உண்டாம்.

இன்னொன்று. நற்கருணை வரிசை நெருக்கமான இடம். அங்கேயும் சிலருக்குக் கால் நின்றுவிடும். பின்னால் நிற்பவர்கள் தயவுசெய்து தள்ளாதீர்கள். நானே இறங்கி வந்து கொடுக்கிறேன்.