ஒப்புச் சொல்லி அழுதவர்களின் அணியிலக்கணம்

(பரமக்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கவிதை அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



உவமை, உருவகம், எதுகை, மோனை என்றாலே நம்ம பிள்ளைகளுக்கு ரெண்டு மார்க் கேள்விதான் ஞாபகத்துக்கு வருது. புலவர் வீட்டுச் சொத்து என்று நினைக்க வைத்துவிட்டார்கள். நான் வங்கிக் குமாஸ்தா, நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன். அங்கே வருகிற சனம் பேசுவதைக் கேளுங்கள். "நகை முங்கிப் போச்சு சார்" என்கிறார் ஒரு பெரியவர். ஏலத்தில் போன நகையை, கண்மாயில் முங்கின பிள்ளையைச் சொல்கிற மாதிரி சொல்கிறார். "வட்டி குட்டி போட்டுருச்சு" என்கிறார் ஒரு அம்மா. இதில் உருவகமும் இருக்கு, எதுகையும் இருக்கு. முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றி வருவதுதான் எதுகை. வட்டி, குட்டி. யாப்பு படித்துவிட்டா அந்த அம்மா பேசினார்?

தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமவியல் என்று தனி இயல் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறது. நல்ல பிரிவினை, நமக்கும் உதவும். கூடவே ஒன்று சொல்கிறது: உவமையாக வருவது உயர்ந்ததாக இருக்க வேண்டும். ஒப்பிடும் பண்பு உவமையில் மிகுந்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து என்று சமாதானம் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் நடைமுறையில் என்ன ஆச்சு? முகத்துக்கு நிலா, கண்ணுக்குத் தாமரை, நடைக்கு அன்னம். நம்மில் எத்தனை பேர் அன்னத்தைப் பார்த்திருக்கிறோம்? சீமைக்கருவேல முள்ளும், கரிமூட்டப் புகையும், உரித்த தோலும் உவமைக்கு ஆகாத பொருள்களாயின. எது உயர்ந்தது என்பதை யார் முடிவு செய்தது? 1990களில் தலித் கவிதை செய்த கலகத்தில் பாதி இந்த இடத்தில்தான். கருத்தை மட்டும் மாற்றவில்லை, உவமைப் பொருளையே மாற்றியது.

அதற்கும் முந்தி மாற்றியவர்கள் நம்ம ஆத்தாக்கள். ஒப்பாரி என்ற சொல்லுக்குள்ளேயே ஒப்பு கிடக்கிறது. ஒப்புச் சொல்லி அழுவது. செத்தவனை எதோடு ஒப்பிடலாம் என்று இழவு வீட்டில் உட்கார்ந்த இடத்திலேயே தேடி, மாரடிக்கிற தாளத்துக்குள் அதைப் பொருத்தி, அடுத்தவள் எடுத்துக்கொள்ள இடம்விட்டு நிறுத்துகிறார்கள். இதைவிடக் கடினமான உவமவியல் வகுப்பு எந்தக் கல்லூரியில் நடக்கிறது?

இன்னொன்று, ஆகுபெயர். "ஊர் சிரித்தது" என்று இடவாகுபெயருக்கு உதாரணம் சொல்வார்கள். ஊர் என்பது ஊரிலுள்ள மக்களுக்கு ஆகி வந்ததாம். எந்த மக்களுக்கு? ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நாட்டில் அந்த 'ஊரு'க்குள் நாம் இல்லை. இலக்கணம் இதைக் கேட்பதே இல்லை.

2011 செப்டம்பர் 11, தியாகி இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். இதே பரமக்குடியில் போலீஸ் சுட்டு 6 பேர் செத்தார்கள். இதைத் "துப்பாக்கிச் சூடு நடந்தது" என்று எழுதுவது ஒரு வழக்கம். மழை பெய்தது மாதிரி நடந்ததாம்! சுட்டவனை வாக்கியம் விழுங்கிவிடுகிறது. அணியைப் படிக்கிறவர்கள் இந்தத் தமிழையும் அணியாகவே படிக்கணும்.

இனி ஓசை. வல்லினம் மிகுந்து வந்தால் வல்லிசை வண்ணம், மெல்லினம் மிகுந்து வந்தால் மெல்லிசை வண்ணம். இப்படித் தொல்காப்பியம் சொல்கிற வண்ணங்கள் 20. அதே நூல் கருப்பொருள் பட்டியலில் யாழோடு பறையையும் வைத்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் யாழை மேடையில் ஏற்றி, பறையைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். வைக்கோல் தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சியும் சுண்டுகுச்சியும் மாறி மாறி விழும்போது கேட்கிற ஒலி முழுக்க வல்லினம். க, ட, த, ற.

கீழக்கரையில் பிறந்த இன்குலாப் எழுதி, நம்ம பக்கத்து இளையான்குடியில் படித்த கே.ஏ.குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய 'மனுசங்கடா' பாட்டின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மனிதர்கள்' என்று எழுதியிருந்தால் அது கோரிக்கை மனு. 'மனுசங்க' என்றதும் பேச்சு வந்துவிட்டது. கடைசியில் அந்த 'டா'. எழுபது வயது தாத்தாவையும் பண்ணையார் வீட்டுச் சிறுவன் கூப்பிட்ட அதே 'டா'. அது திரும்பிப் போகிறது. ஒரே ஒரு வல்லின எழுத்து, ஒரு நெடில். பாடும்போது அந்த நெடிலை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கலாம். கூட்டமும் சேர்ந்து இழுக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வருகிற தோழர்கள் ஆளுக்கொரு ஒப்பாரி உவமையை எழுதிக் கொண்டுவாங்க. யாருக்காக அழுதது, எந்த வருசம் என்பதையும் குறிச்சிட்டு வாங்க. 'டா'வை 'ஐயா' என்று திருத்தி எழுதாதீங்க.