ஓரிரவில் ஒழிந்த ஊரா?
(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் ஜெய்சல்மேருக்கு யாத்திரை சென்று வந்தவர்கள். கோட்டைக்குள் உள்ள ஜினாலயங்களைக் கண்டு வணங்கியபின், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லோத்ருவாவுக்குச் செல்வது வழக்கம். அங்கே பார்சுவநாதர் ஆலயம் தனியே நிற்கிறது. சுற்றிலும் மணல். ஒரு காலத்தில் அது பட்டி அரசர்களின் தலைநகர். அயலார் படையெடுப்பால் அழிவுற்றது. 1156இல் இராவல் ஜெய்சல் புதிய கோட்டையை எழுப்பியபின் பழைய நகரம் மெல்ல மறைந்தது. இன்று நாம் காணும் ஆலயம் 17ஆம் நூற்றாண்டில் தாரு சா பன்சாலி என்னும் வணிகர் புதுப்பித்தது. அரண்மனை மண்ணாயிற்று, ஆலயம் மட்டும் எஞ்சிற்று. இதனை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ளத் தக்கதே.

ஆயின் அதே பாலைநிலத்தில் வேறொரு பாழூர் உண்டு. அதனைப் பற்றியே இன்று பேச வந்தேன். குல்தாரா என்பது அதன் பெயர். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். நேரான தெருக்கள், மணற்கல்லாலான வீடுகள், முற்றங்கள், ஒரு படிக்கிணறு, இடையே ஒரு கோயில். கூரைகள் இல்லை; குடிகளும் இல்லை. அருகே காபா முதலிய ஊர்களும் அவ்வாறே கிடக்கின்றன. பாலி என்னும் ஊரினின்று குடிபெயர்ந்த பாலிவால் அந்தணர்கள் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டு முதல் வாழ்ந்த ஊர்கள் இவை. மொத்தம் 84 என்பது வழிவழியாக வரும் கணக்கு.

எங்கள் வண்டியோட்டி சொன்ன கதையைத்தான் அங்குச் செல்லும் எல்லோரும் கேட்கிறார்கள். சாலிம் சிங் என்னும் திவான் ஊர்த்தலைவரின் மகள்மீது ஆசை கொண்டான். பெண்ணைக் கொடுக்க மனமின்றி, 84 ஊர் மக்களும் ஓரிரவில் வீடு வாசலை விட்டு வெளியேறினர். இனி இங்கு எவரும் வாழற்க என்று சபித்துச் சென்றனர். எனவே பேய் உலவுகிறதாம். பேய் பார்க்க வருவோர் கூட்டம் இப்போது மிகுதி. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கதை சொன்னவன் என்ற முறையில், இக்கதையின் அமைப்பு நன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனினும் கணக்கு ஒத்துவரவில்லை.

இராசத்தானத்து வரலாற்றை எழுதிய ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் டாட் திரட்டிய செய்தியின்படி, 1815 அளவில் குல்தாராவில் 200 வீடுகளும் 800 பேரும் இருந்தனர். 1890இலோ எஞ்சியவர் வெறும் 37 பேர். ஓரிரவில் ஒழிந்த ஊரில் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து முப்பத்தேழு பேர் எவ்வாறு இருந்திருக்க முடியும்? ஊர் ஒரு வீடாக, ஒரு குடும்பமாகத் தேய்ந்திருக்கிறது. கிணறுகள் வற்றின. நிலநடுக்கமும் காரணம் என்று கருதும் நிலவியலாளரும் உளர். கடல்வழி வாணிகமும் பம்பாய்த் துறைமுகமும் ஓங்கியபோது ஒட்டக வணிகப் பாதைகள் பயனிழந்தன, ஜெய்சல்மேரே தளர்ந்தது. நாம் வியந்து பார்க்கும் மாளிகைகளைக் கட்டிய பட்வா குடும்பத்தாரும் வேற்றூர் சென்றனர்.

அந்த மக்கள் எத்தகையவர் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத நிலம் அது. அங்கே அவர்கள் கோதுமை விளைத்தார்கள். பாறைச் சரிவில் பெய்யும் மழை ஓடிவந்து சேரும் தாழ்நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்புவார்கள். நீர் அங்கே தேங்கி ஊறும், வண்டல் படியும். எஞ்சிய நீரை வடித்துவிட்டு, ஈரம் காயுமுன் குளிர்காலப் பயிராகக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். பிறகு ஒரு துளி மழையும் வேண்டுவதில்லை. மண்ணின் ஈரமே கதிர் முற்றும்வரை காக்கும். இதற்குக் கடீன் என்று பெயர். ஏரிக்குள்ளேயே உழவு செய்வது என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்கு விளங்கச் சொல்லலாம். இதனோடு கடன் கொடுத்தலும், கம்பளி, நெய் வாணிகமும் அவர்களுக்கு வளம் தந்தன. அந்த வளமே அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியது.

இனிச் சொல்லப்போவது எனக்கு எளிதன்று. சாலிம் சிங் யார்? டாட் தெளிவாக எழுதுகிறார்: அவன் மேத்தா குடியில் வந்த சமண அமைச்சன், தந்தை சுரூப் சிங்கும் அவ்வாறே. தந்தை அரசவையில் வெட்டுண்டு இறந்தபோது மகன் சிறுவன். வளர்ந்து பதவிக்கு வந்தபின் பழி தீர்த்தான். குடிகளை வரியாலும் தண்டத்தாலும் பிழிந்தான். பாலிவால்கள் வெளியேறியதற்கு அக்கொடுமையே காரணம் என்பது டாட்டின் துணிபு. டாட் ஆங்கில ஆட்சியின் முகவர்; திவான்மீது கடும் வெறுப்புக் கொண்டவர்; ஆகவே அவர் சொல்லை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. வரிக்கொடுமை என்ற செய்தியை முற்றிலும் தள்ளவும் வழியில்லை.

இவ்வுரையை எழுதி நண்பர் ஒருவரிடம் காட்டினேன். "ஐயா, விழா மேடையில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? கதையில் வரும் பேயோடு நிறுத்திக்கொள்ளுங்களேன்" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். லோத்ருவாவைப் புதுப்பித்த வணிகரை நம்மவர் என்று உரிமை கொண்டாடும் நாம், குல்தாராவை வெறுமையாக்கியதில் பங்குடைய அமைச்சனை மட்டும் யாரோ என்று விட்டுவிட முடியுமா? மிகுபொருள் விரும்பாமையை நோன்பாகக் கொண்ட சமயத்திலிருந்தே அவனும் வந்தான். பேய்க்கதையில் ஒரு வசதி இருக்கிறது: கொடுமை ஒருவனுடைய காமத்தால் ஓர் இரவில் நேர்ந்ததாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வரி எழுதிய ஏடுகளும், அவற்றை எழுதிய கணக்கர்களும், கண்டும் காணாதிருந்த பெருவணிகர்களும் கதையில் இல்லாமற் போகிறார்கள்.

அன்று மாலை ஜெய்சல்மேருக்குத் திரும்பும் வழியில் ஒரு கடீனைக் கண்டோம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நீண்ட மண்கரை; அதன் உட்புறம் முழங்கால் உயரத்தில் பச்சைக் கடலைச் செடிகள். வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம், இக்கரையை யார் கட்டியது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "பாலிவால்கள்" என்றார். அவர் பேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கரை உடைந்த ஓரிடத்தில் மண்வெட்டியால் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்.