சொல் மறந்த தீவுகள்

மாயவித்தை உள்ள நாட்டில் அந்த வித்தை எப்படித் தொலையும்? அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 'எர்த்சீ' என்னும் கற்பனைத் தீவுகளைப் படைத்து இதை ஆராய்ந்தார். முதல் நூல் 1968இல் வந்தது.

அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆட்சி. ரோக் தீவுப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் தருவார்கள். நள்ளிரவில் மை மறைந்துவிடும். அதற்குள் மனனம் செய்தாக வேண்டும். நம் பிள்ளைகளோ வாய்ப்பாட்டுக்கே அழுகிறார்கள்!

நினைவை நம்பிய வித்தை, நினைவு போனால் போயிற்று. 1972இல் வந்த மூன்றாம் நூலில், சாகாமல் வாழும் ஆசையால் கோப் என்னும் மந்திரவாதி இறந்தோர் உலகின் கதவைத் திறந்துவிடுகிறான். மந்திரவாதிகளுக்குச் சொல் மறக்கிறது. லார்பனரித் தீவில் பட்டுக்குச் சாயமேற்றும் கைத்திறனும் கெடுகிறது. கடலில் தெப்பங்களிலேயே வாழும் மக்களின் கோடைத் திருவிழாவில் பாடகர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். ஆரன் என்ற இளவரசன்தான் பாடி முடிக்கிறான்.

மறதியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ரோக் பள்ளியைத் தொடங்கியவர்களில் பெண்களும் உண்டு என்பதை 2001இல் வந்த கதைகள் சொல்கின்றன. பின்னர் ஹால்கெல் என்ற தலைமை மந்திரவாதி பெண்களை விலக்கினார். அவர்கள் தொடங்கிய செய்தியே மறைந்தது. பெண்ணின் வித்தை கீழானது என்ற பழிச்சொல் மட்டும் நிலைத்தது. பெண் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு போதும் என்ற வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தொகுப்பின் கடைசிக் கதையில் ஐரியன் என்ற பெண் ரோக் வாசலில் வந்து நிற்கிறாள். வாயிற்காவலர் உள்ளே விடுகிறார். ஆசிரியர்கள் இரண்டுபட்டுப் போகிறார்கள்.