தென்துருவத்துக்கு ஒரு மூட்டை



தருமபுரிப் பகுதியிலிருந்து நாம் எங்கேனும் புறப்படுவதென்றால் மூட்டை கட்டுவது பெரிய காரியமன்று. ஒகேனக்கலுக்குப் போகிறவர் எண்ணெயை மறந்துவிட்டால் அங்குள்ள கடையில் வாங்கிக்கொள்ளலாம். தீர்த்தமலைக்குப் போகிறவர் தீப்பெட்டியை மறந்துவிட்டால் அருகில் இருப்பவரைக் கேட்டுப் பெறலாம். நம் மறதிக்கு மருந்து அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. அக்கம்பக்கம் என்பதே இல்லாத ஓர் இடத்துக்குப் புறப்படுகிறவன் எவ்வாறு மூட்டை கட்ட வேண்டும்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அந்த இடம் அண்டார்க்டிகா. நம் நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடைய பனிக்கண்டம் அது. அங்கே ஊரில்லை, உழவில்லை, சந்தையில்லை. 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள், டாக்டர் எஸ். இசட். காசிம் அவர்களின் தலைமையில் 21 இந்தியர்கள் கோவாவின் மர்மகோவா துறைமுகத்திலிருந்து ‘போலார் சர்க்கிள்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் புறப்பட்டார்கள். 1982 ஜனவரி 9 அன்று அப்பனிக்கரையில் கால் வைத்தார்கள். இடையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கடற்பயணம். பின்னர் 1989-இல் ‘மைத்ரி’ நிலையமும், 2012-இல் ‘பாரதி’ நிலையமும் அங்கே தோன்றின. குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடும். கோடையின் முடிவில் கப்பல் திரும்பிவிட்டால், அங்கே தங்குவோர் அடுத்த கோடை வரை தம்மிடம் உள்ளதைக் கொண்டே வாழ வேண்டும். மைத்ரியில் ஏறத்தாழ இரண்டு மாத காலம் கதிரவனே எழுவதில்லை. அந்த இருளில் பெட்டியைத் திறப்பவனுடைய உயிர், மாதக்கணக்கில் முன்னர், வெயில் நாட்டில் அப்பெட்டியை மூடியவன் கையில் இருக்கிறது.

முதலில் உடையைப் பார்ப்போம். கனத்த கம்பளிச் சட்டை ஒன்று போதும் என்று பலர் எண்ணுவர். ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் பல உடைகளே சூட்டை நன்கு காக்கும். துணிகளுக்கு இடையே சிறைப்பட்ட காற்றே அங்குக் காவலன். சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பெற்ற ‘ஐஸ் ஹவுஸ்’ என்னும் கட்டடத்தை உங்களுட் சிலர் கண்டிருக்கலாம். அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொணர்ந்த பனிக்கட்டியை அங்கே சேமித்து வைத்தார்கள். மரத்தூளினிடையே நின்ற காற்று வெளிச்சூட்டை உள்ளே விடவில்லை. அதே காற்றுத்தான் துருவத்தில் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. ஆனால் உடலை ஒட்டி அணிவது பருத்தியாக இருத்தலாகாது. நம் கோடைக்கு உற்ற தோழனாகிய பருத்தி, வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணி அங்கே பகைவனாகிவிடும்.

அடுத்தது எரிபொருள். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். சாதாரண டீசலும் கடுங்குளிரில் மெழுகு திரண்டு குழாயை அடைத்துவிடும். ஆகவே அக்குளிரைத் தாங்கவல்ல எரிபொருளையே எடுத்துச் செல்ல வேண்டும். நல்ல எரிபொருள் இருந்தால் மட்டும் போதுமா? அதை அடைத்த தகரமும் நன்றாக இருக்க வேண்டும்.

ஆங்கிலேயராகிய ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்தார். திரும்பும் வழியில், முன்பே வைத்துச் சென்ற எண்ணெய்த் தகரங்களைத் திறந்தபோது, எண்ணெய் குறைந்திருந்தது. மூடியின் அடியிலிருந்த தோல் வளையம் குளிரில் கெட்டு, எண்ணெய் கசிந்து போயிருந்தது. அவருடைய குழுவினரின் மரணத்துக்கு எதிர்பாராத கடுங்குளிர், உணவுக் குறைவு எனக் காரணங்கள் பல. அவற்றுள் இந்தத் தோல் வளையமும் ஒன்று. அவருக்கு முன்னரே, 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்த நார்வே நாட்டு ஆமுண்ட்சென், தம் எண்ணெய்த் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்.

கருத்தோடு கட்டிய மூட்டையும் சில வேளை கைவிட்டுவிடும். ஆஸ்திரேலியப் பூகர்ப்ப அறிஞர் டக்ளஸ் மாசன், நின்னிஸ், மெர்ட்ஸ் என்னும் இருவருடன் பனிச்சறுக்கு வண்டிகளில் சென்றார். பனிவெடிப்பில் வண்டி விழுமாயின் முன்னே செல்லும் வண்டியே விழும் என்று கணக்கிட்டு, உணவில் பெரும்பகுதியைப் பின்வண்டியில் ஏற்றினார். 1912 டிசம்பர் 14 அன்று விழுந்தது பின்வண்டி! நின்னிஸும் அதனோடு மறைந்தார். நிலையமோ ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மெர்ட்ஸ் வழியிலே இறந்தார். மாசன் ஒருவரே 1913 பிப்ரவரியில் உயிருடன் மீண்டார். இன்றியமையாத பொருள்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பகிர்ந்து வைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, எதை விடுவது என்ற கேள்வி. 1915-இல் ஷாக்கிள்டனின் ‘எண்டூரன்ஸ்’ கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே நசுங்கியது. ஒவ்வொருவரும் தம் சொந்தப் பொருள்களில் இரண்டு இராத்தல் எடை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று தலைவர் கட்டளையிட்டார். எடுத்துக்காட்டாகத் தம் பொற்காசுகளைத் தாமே பனியில் எறிந்தார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் ‘பாஞ்சோ’ என்னும் நரம்பிசைக் கருவியை விட்டுவிட அவர் இசையவில்லை. சோர்ந்த மனத்துக்கு அது மருந்தாகும் என்று கருதினார். அக்கப்பலில் சென்ற 28 பேரும் உயிருடன் மீண்டனர். பொன்னுக்குப் பயனில்லாத இடத்திலும் பாட்டுக்குப் பயன் இருந்தது.

மூட்டையில் நாம் அறியாமலே புகுந்துகொள்ளும் பொருள்களும் உண்டு. நம் வரப்பில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வருகிறதல்லவா? 1950-களில் அயல்நாட்டுக் கோதுமையோடு கலந்து வந்ததாகக் கருதப்படும் பார்த்தீனியம், நம் வயல்களில் படுத்தும் பாட்டை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். அத்தகைய கேடு அண்டார்க்டிகாவுக்கு நேராதிருக்க, செல்வோர் காலணியையும் பைகளையும் துலக்கி, விதையும் மண்ணும் இல்லாமல் செல்ல வேண்டும். 1991-இல் மாட்ரிட் நகரில் உருவாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த உடன்பாடு, கிருமி நீக்காத மண்ணையும், பெட்டிகளில் இட்டு நிரப்பும் தெர்மாகோல் மணிகளையும் அங்கே கொண்டுவரக் கூடாது என்கிறது. குப்பையில் பெரும்பகுதியைக் கப்பலேற்றித் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். நம் நாடாளுமன்றமும் 2022-இல் இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தை இயற்றியது. கொண்டுபோன பெட்டியை என்ன செய்வது என்பதும் மூட்டை கட்டும் கலையில் அடங்கும். பாரதி நிலையத்தைக் காணுங்கள். 134 கப்பற் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டே அக்கட்டடம் எழுப்பப்பெற்றது!

மாணவர்களே, உங்களில் ஒருவர் அப்பனிநிலத்துக்குச் செல்லும் நாள் வரலாம். செல்லாதவர்களும் வேறொருவருக்காக ஏதோ ஒரு பெட்டியை மூடத்தான் போகிறீர்கள். மருந்துப் புட்டியை அடைப்பவர், விதைப் பையைத் தைப்பவர், பேருந்துச் சக்கரத்தின் திருகாணியை முடுக்குபவர் ஆகிய எல்லோரும், தாம் காணாத ஒருவரின் பயணத்துக்கு மூட்டை கட்டுபவர்களே. அதைத் திறப்பவர் எங்கே, எந்த நிலையில் திறப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்து, பிறகு மூடுங்கள்.