ஓடினால் மருந்து வருமா?

(பட்டிமன்றத் தலைப்பு: நிதி திரட்ட நடக்கும் ஓட்டங்களால் விளைவது பயனா? பகட்டா? ‘பயனே’ என்ற அணியில் பேசியது.)

ஐயா, எனக்கு முன்னால் பேசின தம்பி ஒரு கேள்வியை வீசிட்டுப் போயிட்டார். “காசு குடுக்கணும்னா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ரோட்டுல ஓடணும்? ஓடினா மருந்து வருமா?” அப்படின்னார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். கேள்வி நல்ல கேள்விங்க! (சிரிப்பு)

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். பதில் இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் இருக்கிறது.

அந்த ஊரில் ராப் பர்ரோ என்று ஒரு ரக்பி வீரர். ரக்பி ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பீங்க, ஒவ்வொருத்தரும் பீரோ மாதிரி இருப்பாங்க. இவர் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். அந்த பீரோக்களுக்கு நடுவுல புகுந்து புறப்பட்டு, லீட்ஸ் ரைனோஸ் அணிக்காக எட்டு முறை சாம்பியன் பட்டம் வென்ற மனிதர். சட்டை எண் 7. அந்த அணிக்குத் தலைவராக இருந்தவர் கெவின் சின்ஃபீல்ட். பல வருஷம் ஒரே அணியில் ஒன்றாக ஆடின கூட்டாளிகள்.

2019 டிசம்பர். ராபுக்கு வயது 37. மூன்று குழந்தைகள். பேச்சு லேசாகக் குழற ஆரம்பித்தது. டாக்டரிடம் போனார்கள். இயக்க நரம்பு நோய் என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் இதை எம்.என்.டி. என்பார்கள். இதில் அதிகமாக வருகிற வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். அமெரிக்காவில் அந்தப் பெயர்தான் வழக்கம். விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான்.

இந்த நோய் என்ன செய்யும்? மூளையிலிருந்து தசைக்கு ‘அசை’ன்னு உத்தரவு கொண்டு போகிற நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். உத்தரவு வராத தசை மெலியும். கை போகும், கால் போகும், விழுங்குகிற சக்தி போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சு விடுகிற தசையும் போகும். ஆனால் பெரும்பாலான பேருக்கு அறிவு தெளிவாக இருக்கும். பிள்ளை பக்கத்துல வந்து நிக்கறது தெரியும், தூக்க முடியாது. ‘அப்பா’ன்னு கூப்பிடறது கேட்கும், பதில் சொல்ல வாய் வராது. ஹாக்கிங் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தாரே என்பீர்கள். அவர் அபூர்வம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம்.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக விவரித்தது 1869இல். அமெரிக்காவில் இதற்கு முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1995இல். நடுவில் எவ்வளவு? 126 வருஷம்! அந்த மருந்தும் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்தது, அவ்வளவுதான். ஏன் இந்தத் தாமதம்? நோய் கடினம், அது ஒரு காரணம். நோயாளிகள் குறைவு, அது இன்னொரு காரணம். பிரிட்டன் முழுவதும் எடுத்தாலும் ஒரு நேரத்தில் இந்த நோயோடு வாழ்பவர்கள் ஐயாயிரம் பேர் அளவில்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை செய்தால் கோடிக்கணக்கான பேர் வாங்குவார்கள். ஐயாயிரம் பேருக்காக யாருங்க கடை திறப்பாங்க?

இந்த இடத்தில்தான் ஓட்டம் வருகிறது.

கெவின் என்ன செய்தார்? 2020 டிசம்பரில், ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடுகிறேன் என்றார். கூட்டாளியின் சட்டை எண் 7 இல்லீங்களா, அதுக்காக ஏழு. ஒரு மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்க வீட்டுக்காரரும் காலையில நடைப்பயிற்சின்னு கிளம்புவாரு. தெருமுனை டீக்கடை வரைக்கும் நடப்பாரு, ரெண்டு வடை சாப்பிடுவாரு, ஆட்டோவுல திரும்பி வருவாரு. (பலத்த சிரிப்பு) இந்த மனுஷன் நாற்பது வயசுல, ஒரு நாள் விடாம ஏழு நாளும் ஓடினார்.

திரட்ட நினைத்த தொகையும் ஏழாம் எண்தான்: 77,777 பவுண்டு. அன்றைய மதிப்பில் நம்ம கணக்குக்குச் சுமார் 77 லட்சம் ரூபாய். வந்தது எவ்வளவு தெரியுமா? இருபது லட்சம் பவுண்டுக்கு மேல்! இருபது கோடி ரூபாய்ங்க! (கைதட்டல்) மறுவருஷம் நவம்பரில் லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 101 மைல், ஏறக்குறைய 24 மணி நேரத்தில். அதற்கு அடுத்த வருஷம் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர்.

இப்ப தம்பி கேள்விக்கு வர்றேன். காசு குடுக்கிறவங்க சும்மாவே குடுத்திருக்கலாமே? குடுத்திருக்கலாம். குடுக்கலையே! 2019இலும் அந்த மக்கள் பையில் பணம் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நம்ம வீட்டிலேயே பாருங்க, கல்யாணத்துக்கு மொய் வைக்கச் சொல்ல நமக்குக் கூச்சம் இல்லை. ‘ஒரு நோய்க்கு ஆராய்ச்சி நடக்குது, ஐந்நூறு ரூபாய் குடுங்க’ன்னு சித்தப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. நாக்கு ஒட்டிக்கும். நோயாளி வீட்டுக்காரங்க கேட்டா அது பிச்சை மாதிரி அவங்களுக்கே குத்தும். ‘நான் 42 கிலோமீட்டர் ஓடப்போறேன், நீங்க என்ன தர்றீங்க?’ன்னு கேட்டா? கேட்கிறவனுக்கும் மரியாதை, குடுக்கிறவனுக்கும் மரியாதை. ஓடுகிறவன் வியர்வையை முன்பணமாக வைக்கிறான் ஐயா! (கைதட்டல்)

எதிரணி அம்மா ஒரு கணக்குச் சொன்னாங்க. பனியன், பதக்கம், பந்தல், மைக்செட், இதுலயே பாதிப் பணம் போயிடுதேன்னு. அப்படி ஒரு ஓட்டம் நடந்தா அது பகட்டுதாம்மா. நானே ஒத்துக்கறேன். மேடையில் பத்துப் பேர் படம் எடுத்துக்கிட்டு, வசூல் எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவுன்னு சொல்லாத ஓட்டத்துக்கு நானும் போகமாட்டேன். கணக்குக் காட்டாத கோயில் திருவிழா ஒன்று நடந்ததுன்னா திருவிழாவே வேண்டாம்னா சொல்றோம்? கணக்கைக் கேட்போம்!

அவங்களே இன்னொன்றும் கேட்டாங்க. இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இல்லையா? ஆமாம்மா, அரசாங்க வேலைதான். செய்ய வைத்தது யார்? நோயாளிகளும் விஞ்ஞானிகளும் தொண்டு அமைப்புகளும் ஒன்று சேர்ந்து ஐந்து கோடி பவுண்டு ஆராய்ச்சிக்கு ஒதுக்கச் சொல்லிப் பிரிட்டிஷ் அரசைக் கேட்டார்கள். 2021 நவம்பரில் அரசு தருகிறேன் என்றது. அந்த நவம்பரில்தான் கெவின் 101 மைல் ஓடினார். ஓட்டம் மட்டுமே காரணம்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா ஊரே ரோட்டுல நின்னு பார்க்கிற நோயை மந்திரி மட்டும் பார்க்காம இருக்க முடியுங்களா?

ஐஸ் வாளி விஷயத்துக்கும் பதில் சொல்லணும். 2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உலகமே கூத்தடித்ததே, அது இந்த ஏ.எல்.எஸ். நோய்க்குத்தான். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் பதினொன்றரைக் கோடி டாலர் வந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த பெரிய மரபணு ஆராய்ச்சியில் 2016இல் இந்த நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இதை எங்க அணியில் எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லாத பக்கத்தையும் நான் சொல்றேன். அதே பணத்தில் ஒரு பங்கு ஒரு புது மருந்துக்குப் போனது. 2022இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 2024இல் பெரிய அளவில் சோதித்த முடிவு வந்தது. பயன் இல்லை. கம்பெனியே கடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது.

‘பார்த்தீங்களா, போச்சு பணம்’னு தம்பி சிரிக்கிறார். சிரிங்க தம்பி. பத்து வழி இருக்கிற காட்டுல ஒன்பது வழி அடைப்புன்னு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தவன் சொன்னாத்தான் தெரியும். இதே நோயில், மரபணுக் கோளாறால் வருகிற ஒரு வகைக்குக் காரணமான மரபணுவை 1993இல் கண்டுபிடித்தார்கள். அதைக் குறிவைக்கிற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 2023இல். முப்பது வருஷம் ஐயா! நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் அந்த வகை. ஆனால் அந்த இரண்டு பேருக்கு, முன்னாடி இல்லாத ஒன்று இன்றைக்கு இருக்கு.

(மணி அடிக்கிறது) ஐயா, இன்னும் ஒரே ஒரு நிமிஷம்.

2023 மே 14. லீட்ஸ் நகரில் ராப் பர்ரோ பெயரிலேயே மாரத்தான். ஆயிரக்கணக்கான பேர் ஓடினார்கள். கெவின் தனியாக ஓடவில்லை. ராபைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மேடும் பள்ளமுமான அந்த ஊரில் 42 கிலோமீட்டரும் தள்ளிக்கொண்டே ஓடினார். அப்போது ராபுக்குப் பேச்சு இல்லை. கண் அசைவை வைத்துக் கம்ப்யூட்டர் மூலம்தான் பேசுவார். பழைய பேட்டிகளிலிருந்து எடுத்துச் செய்த அவருடைய சொந்தக் குரலில் அது பேசும்.

முடிவுக்கோடு வந்துவிட்டது. கோட்டுக்கு முன்னால் கெவின் நின்றார். நாற்காலியிலிருந்து நண்பரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் தூக்கினார். தூக்கிக்கொண்டே கோட்டைத் தாண்டி, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தார். (நீண்ட கைதட்டல்)

நம்ம ஊர்ல இப்படி ஒரு நோய் வந்தா என்ன செய்வோம்? உள் அறையில படுக்க வச்சு, விருந்தாளி வந்தா கதவைச் சாத்துவோம். அன்றைக்கு அந்த மனிதர் நடுரோட்டில் இருந்தார், ஊர் இரண்டு பக்கமும் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இதை எந்தக் காசோலை வாங்கித் தரும், தம்பி?

ராப் பிழைக்கவில்லை. 2024 ஜூன் 2ஆம் தேதி, 41 வயதில் காலமானார். தன் ஓட்டம் தன் நண்பனைக் காப்பாற்றும் என்று நம்பி ஓட, கெவின் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. அந்த ஊரில் இந்த நோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை மையம் கட்ட 68 லட்சம் பவுண்டு திரட்டும் முயற்சி ராப் இருக்கும்போதே தொடங்கியிருந்தது. அந்த மாரத்தானில் ஓடினவர்களில் எத்தனையோ பேர் அதற்காகவே ஓடினார்கள். கட்டடத்துக்கு மண் வெட்டக் குறித்திருந்த நாள் ஜூன் 3. அவர் இறந்த மறுநாள். ஒத்தி வைக்கலாமா என்ற பேச்சுக்கு இடமில்லாமல், குடும்பத்தார் விருப்பப்படி குறித்த நாளிலேயே மண் வெட்டினார்கள்.