மகளா, விருந்தாளியா?

நவராத்திரிக் கும்பத்தைச் சுற்றி நவதானியம் முளைக்க வைப்பது நமக்குப் பழக்கமானதே. அதே ஒன்பது நாட்களில் நேபாளத்து வீடுகளின் இருட்டறையில் வாற்கோதுமை முளைக்கிறது. வெயில் காணாது மஞ்சள் பாரித்து வளரும் அம்முளைக்கு 'ஜமரா' என்று பெயர். விழாவின் பெயர் தசைன்.

காத்மாண்டுவுக்குப் படிக்கவென மேல்நாடுகளிலிருந்து செல்லும் மாணவர் பலர் அங்குள்ள குடும்பங்களோடு தங்குவர். விஜயதசமியன்றுதான் அவர்களுக்குப் பரீட்சை. (ஆசிரியத் தொழில், வேறு சொல் வரவில்லை!) வீட்டின் மூத்தவர் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து ஒவ்வொருவர் நெற்றியிலும் அப்புகிறார், நம் பொட்டுப் போலன்று, நெற்றி நிறையவே. காதோரம் ஜமரா, வாயில் ஆசி, கையில் காசு. வரிசையோ வயதும் உறவும் பார்த்து. நேற்று வந்த மாணவிக்கு அதில் எந்த இடம்?

அவள் பெரியவர் காலைத் தொடக் குனிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நேபாள மலைப்பகுதிப் பிராமண, சேத்திரி குடும்பங்களில் மருமகள் காலில் விழுவாள், மகள் விழமாட்டாள். பெற்றோரே மகளின் காலைத் தொட்டு வணங்குவர். ஆகவே, குனிய விட்டுவிட்டால் அவள் விருந்தாளி என்பதே என் கணிப்பு. தடுத்து நிறுத்தி, நரைத்த தலை அவள் காலடியில் குனிந்ததாயின்? கூச்சத்தால் அவள் பின்வாங்கக்கூடும், நாமும் பின்வாங்குவோம். ஆனால் அவ்வீட்டில் அவளுக்கு ஒரு முறைப்பெயர் கிடைத்துவிட்டது: 'சோரி', மகள்.