கசிந்தால் எங்கே போகும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல்காரன்தானே, ஏதாவது உபயோகமாப் பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

2007-இல் நான் இங்கே மூன்றாம் ஆண்டு. எங்கள் சித்தப்பா கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வைத்திருந்தார். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. "இன்ஜினியருக்குப் படிக்கிறியே, கேஸுக்கு மாத்திக் குடுடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

வேலை கஷ்டமில்லை. திரவமாக வரும் எல்பிஜியை வேப்பரைசர் ரேடியேட்டரின் சுடுதண்ணீர் கொண்டு ஆவியாக்கும். கார்புரேட்டர் மேல் ஒரு மிக்ஸர். பெட்ரோலுக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என இரண்டு சோலனாய்டு வால்வு, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். பழைய கிட் ஒன்று கிடைத்தது. டேங்க்தான் விலை அதிகம். அதனால் வீட்டுச் சமையல் சிலிண்டரையே டிக்கியில் படுக்க வைத்து ஹோஸ் மாட்டிவிட்டேன். வண்டி ஜம்மென்று ஓடியது. ஊரே பாராட்டியது.

மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். வண்டி கண்ணாடி ஏற்றி வெயிலில் நின்றது. திரும்பும்போது சித்தியும் பிள்ளைகளும் பின்சீட்டில் ஏறிவிட்டார்கள். சித்தப்பா சாவியைப் போடப் போகிறார். சின்னவள், "அம்மா, நம்ம சமையக்கட்டு வாசனை வருது" என்றாள்.

எல்லோரையும் இறக்கி, கதவுகளைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றோம். ஓட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஹோஸ் நட் தளர்ந்திருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

எங்கள் தெர்மல் பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "இன்ஜின் ஓடுமான்னு பார்த்தே. கசிஞ்சா எங்கே போகும்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முறையான ஆட்டோ எல்பிஜி டேங்கைப் பாருங்கள், எல்லாம் விளங்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஆகவே டேங்க் வால்வுகளை ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து குழாயைக் காருக்கு வெளியே விடுகிறார்கள். வெயிலில் திரவம் விரியும்; அதற்கு இடம் விட்டு 80 சதவீதத்தோடு நிரப்புவதைத் தானே நிறுத்தும் வால்வு. குழாய் அறுந்தால் ஓட்டத்தை அடைக்க ஒரு வால்வு. அழுத்தம் மீறினால் திறக்க இன்னொன்று. சமையல் சிலிண்டர் அடுப்படியில் நிமிர்ந்து நிற்கச் செய்தது. அதைக் காரில் வைப்பது சட்டப்படியும் குற்றம்.

2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நம் நாட்டில் எல்பிஜியில் கார் ஓட்ட முறையான வழி பிறந்தது. அங்கீகரித்த கிட், ஆர்.சி. புத்தகத்தில் பதிவு, இரண்டும் வேண்டும். சித்தப்பா கடன் வாங்கி அப்படியே செய்தார். ஒன்றையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்: லிட்டருக்குப் பெட்ரோலின் முக்கால் பங்கு சக்திதான், மைலேஜ் குறையும், பழைய இன்ஜினில் வால்வு சீட் சீக்கிரம் தேயலாம், டேப்பட் இடைவெளியை அடிக்கடி பார்க்கணும். அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால்தான் லாபம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் செய்யும் பொருள் ஓடினால் எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டல் அடங்கியதும் எங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்சீட்டில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.